ஒருக்கா விழுங்குங்கோ

கழுத்தைச் சுற்றிய அளவு நாடாவை எடுக்காமலேயே, "ஒருக்கா விழுங்குங்கோ" என்கிறாள் செல்லக்கண்ணு. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண் திருதிருவென்று விழிக்கிறாள். விழுங்க வேண்டியது எச்சிலைத்தான். அதையும் கண்ணாடியில் தன் தொண்டையைப் பார்த்தபடியே விழுங்க வேண்டும். அதன் பிறகுதான் தோள் அளவு, கை அளவு எல்லாம். டன்லப் ஸ்ட்ரீட்டில் இருக்கும் இந்தத் தையல் கடையில், தீபாவளி நெருக்கத்தில் பெண்கள் கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதை வரை நின்றாலும், ஒருத்திகூடத் தப்ப முடியாது.

செல்லக்கண்ணுவின் பேச்சில் அந்த இரண்டு சொற்கள் மட்டும் யாழ்ப்பாணம். மற்றதெல்லாம் தஞ்சாவூரும், கடை இருக்கும் இந்தத் தேக்கா வட்டாரமும் கலந்தது. வாடிக்கைக்காரிகள் கேலி செய்தால் அவளுக்குக் கோபம் வராது. "அந்த மிஸ்ஸி எப்படிச் சொன்னாங்களோ அப்படியேதான் சொல்லணும் லா. அதுலதான் நான் பொழச்சேன்" என்பாள்.

மிஸ்ஸி என்பது யாழ்ப்பாணத்துத் தாதி சரோஜினி. நாலு வருடத்துக்கு முன்னால், அறுபத்திரண்டாம் வருடத் தீபாவளிக்குச் செல்லக்கண்ணு தனக்கென்று மூடிய கழுத்து ரவிக்கை ஒன்று தைத்தாள். பழைய அளவு ரவிக்கையை வைத்துத்தான் வெட்டினாள். போட்டுப் பார்த்தால் மேல் கொக்கி மாட்டவில்லை. கத்தரி பிசகிவிட்டதென்று பிரித்துத் தைத்தாள். மறுபடியும் மாட்டவில்லை. துணி சுருங்குகிறதென்று, அதை வாங்கிய காதர் மைதீன் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். அவரும் ஆளை விட்டால் போதும் என்று வேறு துணி கொடுத்தனுப்பினார். அதுவும் மாட்டவில்லை. ஊரார் கழுத்தையெல்லாம் அளப்பவளுக்குத் தன் கழுத்து மாறியிருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

சீருடை வாங்க வந்த சரோஜினிதான் கவனித்தார். விழுங்கச் சொன்னார். தொண்டைக்குக் கீழே ஒரு சிறு கட்டி ஏறி இறங்கியது. சின்ன வயதில் தலைக்கோ கழுத்துக்கோ எக்ஸ்ரே வைத்தியம் பார்த்ததுண்டா என்று கேட்டார்.

உண்டு. யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது தலையில் படர்தாமரை. முடியை உதிர்த்தால்தான் ஆறும் என்று ஒரு டாக்டர் எக்ஸ்ரே காட்டினார். அவளுக்கும், அது தொற்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை தங்கத்துக்கும். அக்காளும் தங்கையும் மொட்டையாய்த் திரிந்தார்கள். பிறகு முடி இடுப்புக்குக் கீழே வளர்ந்தது. அந்த டாக்டரை இன்றும் அவள் குறை சொல்வதில்லை. அன்றைக்கு அதுதான் நல்ல வைத்தியம், அவருக்கு மட்டும் என்ன தெரியும் என்கிறாள். அந்தக் கதிர் சிறு வயதில் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், எல்லாருக்கும் வந்துவிடாது, ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்கு வந்திருந்தது. பரவுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இப்போது கழுத்தில் ஒரு தழும்பு, தினம் ஒரு மாத்திரை, கொஞ்சம் கரகரத்த குரல். பாட முடியாது, சண்டை போடப் போதும் என்று சிரிப்பாள். மூடிய கழுத்து ரவிக்கையை விட்டுவிட்டாள். தழும்பைக் காட்டி, "பாருங்க, நான்கூட இவ்வளவு பொடிசாத் தைக்க மாட்டேன்" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிடும். சரோஜினியின் சீருடைகளுக்கு யாரும் கேட்காமலே உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைக்கிறாள். மிஸ்ஸி அதில் மிட்டாய் வைத்திருக்கிறாராம்.

அவள் மனதை அரித்தவள் தங்கம் ஒருத்திதான். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். எத்தனை கெஞ்சியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. "தெரியாத வரைக்கும் நல்லாத்தானே இருக்கேன் அக்கா" என்பாள். அக்காள் கடைக்கு வந்தால் நாடா கழுத்துக்கு வந்துவிடும் என்று, தீபாவளித் துணியோடு அளவு ரவிக்கையைச் சுருட்டிப் புருஷன் மருதப்பனிடம் கொடுத்துவிடுவாள். செல்லக்கண்ணுவும் தைத்து அனுப்புவாள். கொக்கி மாட்டியதா என்று கேட்பாள். மாட்டியது என்று பதில் வரும். அது நிஜமா பொய்யா என்று அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

இந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கமே வந்தாள். சரிகைத் துணியை மேசையில் வைத்தாள். செல்லக்கண்ணு காகிதப் பையைத் துழாவிவிட்டு, அளவு ரவிக்கை எங்கே என்று கேட்டாள்.

"நான்தான் வந்திருக்கேனே அக்கா. தெரியாம இருந்தது போதும், நாளைக்கு மிஸ்ஸிகிட்ட அழைச்சிட்டுப் போ."

செல்லக்கண்ணு நாடாவை எடுத்தாள். தங்கையின் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டு, அந்த இரண்டு சொற்களைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கம் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் அக்காளைப் பார்த்தபடி, முகவாயை உயர்த்தி விழுங்கினாள்.