பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி

குளச்சலில் வள்ளங்களின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறேன். ஒருநாள் ஒரு வள்ளக்காரரின் எஞ்சினுக்குப் புது அலுமினியப் பிஸ்டன் போட்டேன். சூட்டில் அலுமினியம், பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்பு உறையான லைனரைவிட அதிகமாக விரியும். அதற்காக முடியளவு இடைவெளி விட்டிருந்தேன். அவர் பிஸ்டனை விரலால் அசைத்துப் பார்த்தார்.

"என்ன மக்கா, கெழவி பல்லு மாதிரி ஆடுது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் "ஓடினா சரியாவும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

"ஓடினா இன்னும்லா தேயும்" என்று எஞ்சினை வேறு பட்டறைக்குத் தூக்கிப் போனார். அங்கே அவர் சொன்னபடியே இறுக்கமாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் நடுக்கடலில் பிஸ்டன் விரிந்து லைனரைக் கவ்வி, எஞ்சின் நின்றுவிட்டது. இன்னொரு வள்ளம்தான் கட்டி இழுத்து வந்தது. கரையேறியதும் நேரே என்னிடம் வந்தார்.

"சூட்டுல பெருக்கும்னு அந்தப் பட்டறைக்காரன் இப்பச் சொல்லுதான். உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏம்ல சொல்லல்ல? மூணு பேரு கடல்ல கெடந்தோம்."

அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் விளக்கம் சொன்னால் யார் கேட்பார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். என்மேலேயே வந்த அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.