அஞ்சலை கழற்றிய ஹீட்டர்

காரின் முன்கதவைத் திறந்ததும் அஞ்சலை உள்ளே ஏறிவிடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கீழே வலது காலை மட்டும் வைப்பார். ரப்பர் மேட்டை ஒதுக்கி, அடியில் இருக்கும் கம்பளத்தில் பாதத்தை அழுத்தி, மெல்ல எடுப்பார். எடுக்கும்போது கால் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் சோதனை.

“ஏசித் தண்ணின்னா காலு சும்மா நனையும். இது பிசுபிசுன்னு புடிச்சிக்கினு வருது பாரு. கூலன்ட்டு, எஞ்சின குளுத்துற தண்ணி. உள்ள ஹீட்டரு ஊத்திக்கிச்சு.”

சென்னையில் காருக்குள் ஈரம் என்றால் எல்லோருக்கும் தோன்றுவது ஏசித் தண்ணீர்தான். மேட்டை வெயிலில் காயப்போடுவார்கள், மறுபடி நனையும், மறுபடி காயப்போடுவார்கள். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல் மங்கி, கெட்டுப்போன வெல்லப்பாகு மாதிரி ஒரு வாடையும் கிளம்பிய பிறகுதான் வண்டி மேனாம்பேட்டில் இருக்கும் அஞ்சலையின் தகரக் கொட்டகைக்கு வரும். எஞ்சினின் சுடுநீர் ஓடுகிற குட்டி ரேடியேட்டர் ஒன்று டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதையே பலர் அங்குதான் முதன்முதலாகக் கேள்விப்படுவார்கள். இந்த வெயிலில் ஹீட்டரை யார் போட்டுப் பார்த்தார்கள்?

அதனால் வைத்தியமும் சுருக்கம். ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு குழாயையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டால் தண்ணீர் ஹீட்டருக்குப் போகாது. ஒழுகலும் நின்றுவிடும். இதற்கு பைபாஸ் என்று பேர். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், அஞ்சலையும்தான். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. “வேணாங்கறத எதுக்கு மெனக்கெட்டு ரிப்பேர் பண்ணிகினு?” என்பார்.

இளவயதில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ரேடியேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் தகடு சொருகும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். ஈயம் பற்றவைக்கும் மேசையில் பெண்களுக்கு இடம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த மேசை காலியாகும். வீணாய்ப் போன துண்டுகளை வைத்து அஞ்சலை ஒட்டிப் பார்ப்பார். இன்றும் பற்றவைக்கும்போது அவரிடம் பேச முடியாது. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார். யாராவது கேள்வி கேட்டால் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளுவார். அப்புறம் வா என்று அர்த்தம். டேஷ்போர்டைக் கழற்றினால் திருகாணிகளைப் போட்டுவைப்பது இட்லித் தட்டில். இடப்பக்கத்துத் திருகாணிகள் கீழ்த்தட்டு, நடுவில் கழற்றியவை நடுத்தட்டு, ஸ்டீயரிங் பக்கம் மேல்தட்டு. குழிக்குக் குழி திருகாணியின் நீளம் மாறும்.

போன மே மாதம் சேக்காட்டிலிருந்து ஒரு பழைய சிவப்புக் காரை ஓட்டிவந்தாள் வித்யா. டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். கால் ஒட்டுவதற்கு முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. “ஹீட்டர்தான்க்கா. பைபாஸ் போட்டு வுட்ருங்க. அவசரம்.”

பெரிய வேலை இல்லை. அஞ்சலை பானெட்டைத் திறந்து குழாய்க் கவ்வியில் குறடை வைத்தார். வைத்தபடியே, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: “வண்டி எங்கம்மா ஓடும்?”

“இனிமே குன்னூர்லக்கா. அருவங்காடு ஃபேக்டரிக்கு மாத்திட்டாங்க. ஞாயித்துக்கிழம பாப்பாவக் கூட்டிட்டுக் கெளம்புறேன்.”

அஞ்சலை குறடைக் கீழே வைத்துவிட்டார்.

ஒருமுறை தெருப் பெண்களோடு வேனில் ஊட்டிக்குப் போயிருக்கிறார். பனியில் கண்ணாடி மூடிக்கொள்ள, டிரைவர் ஒரு கையால் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே மறு கையால் வளைவுகளைத் திருப்பினார். “மலையாவது மண்ணாவது, அந்தாளு கையத்தான் பாத்துகினு வந்தேன்” என்று சொல்லி, “ஒனக்கு அங்க ஹீட்டரு வோணும். கண்ணாடிக்கு. சூடு காத்து பட்டாத்தான் பனி வெலகும்” என்றார்.

“மேல போயி பாத்துக்கறேன்க்கா.”

“மேல போறதுக்கே கண்ணு தெரியணுமே. ஒத்தக் கையால தொடச்சிகினு, பின்னாடி கொழந்தைய வெச்சிகினு ஓட்டுவியா?”

வித்யா ஞாயிறுக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டாள். டேஷ்போர்டையே கழற்றியாக வேண்டும்; வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. எங்கே தொட்டால் எது ஒடியும் என்று சொல்ல முடியாது. அஞ்சலை அதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு இட்லித் தட்டைக் கழுவி எடுத்துவந்தார்.

பக்கத்துக் கொட்டகையில் தகடு தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை பார்க்கும் எத்திராஜுக்கு அன்று முழுக்க வேடிக்கை. “இன்னா அஞ்சல, மெட்ராஸ்ல குந்திகினு ஸ்வெட்டரு பின்றியா?”

“ஆமா நைனா. ஒனக்கும் ஒன்னு பின்னித் தரேன். வாயில மாட்டிக்க.”

டேஷ்போர்டு இறங்கியது. திருகாணி மாட்டுகிற ஒரு காது ஒடிந்தது. வித்யா பார்க்கவில்லை; அஞ்சலையே கூப்பிட்டுக் காட்டினார். “இது என் கையில போச்சு. கம்பி வெச்சு ஒட்டிக் குட்த்துடறேன்.”

வெளியே வந்த ஹீட்டர் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. பித்தளை. ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்றைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஓரத் தையலில் சரசரவென்று குமிழிகள். பற்றவைத்து மறுபடி அமுக்கியபோது தண்ணீர் அசையவில்லை. எடுக்கப் போனார்.

“இருங்கக்கா.” தொட்டிமேல் குனிந்திருந்த வித்யா, எதிர் மூலையில் விரலைக் காட்டினாள். கடுகளவு ஒரு குமிழி, ஒட்டிக்கொண்டு, யோசித்து, மேலே வந்தது.

“கண்ணுன்னா இது கண்ணு” என்றார் அஞ்சலை.

அந்த மூலையில் சூடு காட்டினால் இப்போதுதான் ஒட்டிய தையல் இளகிவிடும். ஈயம் விட்டுப்போனால் அந்தப் பழைய ஹீட்டர் அத்தோடு சரி. அதற்குப் புதிது எங்கும் கிடைப்பதில்லை. அஞ்சலை ஒரு துணியை நனைத்து அந்தப் புதுத் தையல்மேல் சுற்றினார். “இறுக்கிப் புடி. ஆவி வந்தா சொல்லு.” கிராம்பைப் போட்டுக்கொண்டார். வித்யா துணியை இரண்டு கையாலும் பிடித்திருக்க, சுடர் மூலையைத் தொட்டுத் தொட்டு விலகியது. எத்திராஜின் சுத்தியல் சத்தம்கூட நின்றிருந்தது.

மூன்றாவது முறை தொட்டியில் அமுக்கியபோது இருவரும் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் மேலே வரவில்லை.

சனிக்கிழமை உச்சி வெயிலில் எல்லாம் பூட்டியாயிற்று. கம்பளத்தின்மேல் செய்தித்தாளை விரித்து, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பினார் அஞ்சலை. இருவரும் உள்ளே. சற்று நேரத்தில் வித்யா மூச்சுமுட்டிப்போய் இறங்கிவிட்டாள். அவர் இறங்கவில்லை. காலடித் தாள் காய்ந்தே கிடந்தது. முன்கண்ணாடியில் விரலை இழுத்து, விரலைப் பார்த்தார். பிசுக்கு இல்லை. வெளியே எதிர்க் கடையின் பலகையில் சின்ன எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது.

எத்திராஜ் வந்து கண்ணாடியைத் தட்டினார். “வெந்துடப் போற, எறங்கு.”

அஞ்சலையின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. எத்திராஜைப் பார்த்தபடியே முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டார். சூடாக அடிக்கும் காற்றுக்கு நேரே உள்ளங்கைகளை நீட்டி, ஒன்றோடொன்று தேய்த்து, மறுபடி நீட்டினார்.