எந்த வீட்டு வால்வு கத்துது?

2005-ல் பெய்த மழையைத் திண்டிவனத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெரு ஏரிக்குப் பக்கம். ஏரி வழிந்து வந்த தண்ணீர் வீட்டுக்குள் கட்டில் கால் வரைக்கும்தான் ஏறியது. ஆனால் பள்ளத்தில் நின்ற எங்கள் அம்பாசிடர் முழுகியே போய்விட்டது. வடிந்த பிறகு பார்த்தால், கூரை மேல் ஆகாயத்தாமரையோடு, குளத்திலிருந்து எழுந்த எருமை மாதிரி நின்றது.

என் வீட்டுக்காரர் டாக்சி ஸ்டாண்டில் ஓட்டிய வண்டி அது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. எந்த வண்டி நின்றாலும் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது எங்கள் ஸ்டாண்டு வழக்கம். அன்றும் வந்து, "வாப்பா, தள்ளிப் பாக்கலாம்" என்று தோளைத் தட்டினார்கள். இவர் சாவியையே கொடுக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் என்னிடம், "இத எடைக்குப் போட்டுடலாம். மெட்ராஸ்ல ஒருத்தருக்கு டிரைவர் வேணுமாம். ஒண்ணாந்தேதி வரச் சொல்லிக்கீறாங்க. போறேன். மாசம் ஒருவாட்டி வர்றேன்" என்றார்.

வண்டி போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாயங்காலமானால் ஊர்க் கதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிற மனுஷர். அவர் மாசம் ஒருவாட்டி வருவதாவது!

அவருக்குச் சொல்லாமல் நானே போய் மெக்கானிக் தம்பியைக் கூட்டிவந்தேன். வாயாடிப் பிள்ளை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாராச்சும் ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"சாவியக்கூட போடலடா" என்றார் இவர்.

"பொழைச்சீங்க மாமா. இஞ்சினுக்குள்ள தண்ணி வச்சிக்கினு சுத்தியிருந்தா இரும்பு ராடெல்லாம் வளைஞ்சி போயிருக்கும். நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு குந்தியிருந்ததுதான் வண்டியக் காப்பாத்திக்கீது."

அவன் ஷெட் முழுக்க முழுகின வண்டிகள். அதனால் எங்கள் வாசலிலேயே இஞ்சினைப் பிரித்தான். எல்லாம் செங்கல் பொடி தூவின மாதிரி துரு. "மேலாக்கதான் புடிச்சிக்கீது, உள்ள தின்னல" என்றவன், பெரிய சாமான்களை லேத் பட்டறையில் கொடுக்க விழுப்புரத்துக்கு எடுத்துக்கொண்டான். எட்டு வால்வையும் ஒரு அட்டையில் வரிசையாகச் செருகி, நம்பர் போட்டு வைத்தான். "எந்த ஓட்டைல இருந்து எடுத்தமோ அதுலயேதான் போவணும். மாறிச்சின்னா பேஜாரு. துருவ நான் வந்துதான் தேய்க்கணும். ஆனா கையில அவ்ளோ வேல. பொங்கல் தாண்டிடும் அக்கா."

பொங்கல் வரைக்கும் மெட்ராஸ்காரர் காத்திருப்பாரா?

எதிர் வீட்டு அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் வந்து ஒரு வால்வைத் தூக்கிப் பார்த்தார். காளான் மாதிரி, தண்டும் தலையுமாக ஒரு இரும்பு. "இன்னாடி இது, குத்துவெளக்குத் தண்டு மாதிரிக்கீது! புளி போட்டுத் தேச்சா போவாதா?" என்றார்.

தெருவே கூடிவிட்டது. மாறிவிடக் கூடாதே என்று நான் பயந்தபோது, அதற்கும் அக்காவே வழி சொன்னார். ஆடியில் கூழ் ஊற்றக் கோயிலுக்குப் பாத்திரம் கொடுத்தால், அடையாளத்துக்கு வீட்டுக்கொரு கலர் துணி கட்டுவோம். அதையே வால்வுக்கும் கட்டினோம். வீட்டுக்கு ஒரு வால்வு. எங்களுடையது மஞ்சள். புளியும் தேங்காய் நாருமாக அன்று தெருவில் ஒரே தேய்ப்பு. வாசற்படியிலிருந்து இவர், "இன்னா, இஞ்சினுக்குப் புளிக்கொழம்பு வக்கிறீங்களா?" என்றார். தண்ணீர் வடிந்ததிலிருந்து அவர் வாயில் வந்த முதல் கிண்டல்.

வெள்ளி மாதிரி பளபளத்தது. பம்பு தண்ணீரில் அலசி, முறத்தில் பரப்பிக் காயவைத்துவிட்டு அவரவர் சோறாக்கப் போனோம். சாயங்காலம் வந்து பார்த்தால், எட்டும் மறுபடி செம்பருத்திப் பூ நிறம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர் வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பித்தளைன்னு நெனச்சிக்கினு அலசி வச்சிக்கீறோம் பாரு! தோசக்கல்ல இப்படி ஈரத்தோட வப்பமா? எண்ணெ தடவ வேணாமா?"

மறுநாள் திரும்பத் தேய்த்தோம். அலசிய கையோடு துணியால் ஒற்றி அடுப்புப் பக்கம் சூடு காட்டினோம். நான் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன். அப்போதுதான் இவர் படியிலிருந்து எழுந்தார். "அதெல்லாம் பிசுக்குப் புடிக்கும், கொண்டா இப்படி" என்று ஷெல்ஃபிலிருந்து இஞ்சின் ஆயில் டப்பாவை இறக்கி எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக வாங்கித் தடவிக்கொண்டே, அதில் எது காற்றை உள்ளே விடும், எது புகையை வெளியே தள்ளும் என்று கதை சொல்ல ஆரம்பித்தார். நான் வேறு பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்திலிருந்து வந்த மெக்கானிக், கலர் கலராகத் துணி கட்டியிருந்த வால்வுகளைப் பார்த்து வாயைப் பிளந்தான். "இன்னாக்கா, வால்வுக்கெல்லாம் வளைகாப்பு பண்ணிக்கீறீங்க!" என்று சிரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு போய், "பாதி வேல முடிஞ்சிடிச்சி" என்றான். ஒன்றில் மட்டும் துரு குழி விழுந்திருந்தது, புதுசு போட வேண்டுமாம். அது எதிர் வீட்டு அக்காவுடையது. "என்னுது மட்டும் எப்படிடா போவும்?" என்று அவனோடு ஒரே சண்டை.

ஒண்ணாந்தேதிக்கு முன்னாடியே இஞ்சின் திரும்ப வண்டியில் ஏறியது. இவர் சாவியைப் போட்டார். இருமியது, அடங்கியது. மறுபடி போட்டார். தெருவையே மறைக்கிற மாதிரி கரும்புகை. அதற்குள்ளிருந்து அந்தப் பழைய சத்தம், சீராக. கூடவே எங்கேயோ ஒரு "டக் டக்". மெக்கானிக் குனிந்து காது கொடுப்பதற்குள் எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது. "எந்த வீட்டு வால்வுடா கத்துது? எங்க வீட்டுது இல்ல, அது புதுசு!"

மெட்ராஸ் பேச்சு அத்தோடு நின்றது. அந்த வண்டி இன்னும் சில வருஷம் ஓடியது, அப்புறம் வேறு வண்டி வந்தது. இப்போதும் சாயங்காலம் ஊர்க் கதையோடு அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இந்த மனுஷரை எனக்கென்று இந்தத் தெருவிலேயே நிறுத்தி வைத்த புளி வாசனைக் கைகள் எல்லாம் என் கண்முன் வந்துபோகும்.