நோலீன் சுட்ட கருப்பு பிஸ்கட்

கான்பெராவில் இருபத்தேழு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நோலீன் காரிட்டிக்கு மிஞ்சியவை இரண்டு: தேய்ந்த முழங்கால், தேயாத குறும்பு. ஓட்டிய காலத்தில் கொட்டும் மழையில் ஒலிபெருக்கியை எடுத்து, "அடுத்த நிறுத்தம் கடற்கரை" என்பாள். கடற்கரைக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஒருமுறை தூக்கத்திலிருந்த அரசு அதிகாரி ஒருவர் பதறி எழுந்து இறங்கியே விட்டார்.

வீட்டில் ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று சட்டம் வந்ததும், முழங்காலைச் சாக்கிட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இரண்டு நட்டாள். பழைய மேலதிகாரிகளின் பெயரையே வைத்தாள்: கெவின், டெஸ்மண்ட். பெயருக்கேற்ப இரண்டும் ஒரு வேலையும் செய்யாமல் நின்றன.

பக்கத்து வீட்டு இவோ பெர்கோவிச், கான்கிரீட் போட்டே முதுகு ஒடிந்த மனிதர், தக்காளி வளர்ப்பதில் கெட்டிக்காரர். வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"நோலீன், அது செடியா, குடைக்கம்பியா?"

"நீ தக்காளியப் பாரு. அதுவும் உன்ன மாதிரி முத்திப் போச்சு."

மொலாசஸ் ஊற்றினால் தழைக்கும் என்று யாரோ சொல்ல, மாட்டுத்தீவனக் கடைக்குப் போனாள். கரும்பாலையின் அந்தக் கருப்புப் பாகு அங்கே இருபது லிட்டர் டிரம்மில்தான் கிடைத்தது. வஞ்சனை இல்லாமல், தண்ணீர் கலக்காமல் இரண்டு செடிக்கும் ஊற்றினாள். மறுநாள் காலை ஊர் எறும்பெல்லாம் அவள் தோட்டத்தில். ஒரு வாரத்தில் டெஸ்மண்ட் கருகிப்போனான்.

பிறகுதான் விசாரித்தாள். பாகு செடிக்கு அல்ல, மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குத் தீனி. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அப்படிச் செய்ததும் கெவின் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். பாகு செய்த வேலையா, நல்ல வெயிலா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

டிரம்மில் இன்னும் முக்கால்வாசி இருந்தது. தோட்டக் கழகத்தின் காலைத் தேநீருக்கு அதைப் போட்டு இஞ்சி பிஸ்கட் சுட்டாள். கரிய நிறம், காட்டமான வாசனை. கெவினைப் பற்றிக் கழகம் முழுக்கத் தெரியும்; மேசையில் வைத்ததும் எல்லோர் கண்ணும் தட்டின் மேல்.

கழகத்துச் செயலாளர் மெரில், வரித்துறையில் இருந்தவள், குனிந்து கிசுகிசுத்தாள். "இது உங்க தோட்டத்து ஐட்டமா?"

"தோட்டத்துக்கு வாங்கினது இதுல இருக்கு," என்றாள் நோலீன். பொய் இல்லை.

கால் மணி நேரத்தில் தட்டு காலி. மெரில் வரவேற்புரையின் நடுவில் 'உரம்' என்ற சொல்லுக்குச் சிரிக்க ஆரம்பித்து, உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. இவோ குரோஷிய மொழியில் ஒரு கல்யாணப் பாட்டைப் பாடினார். ஒருவர் முள்ளங்கியை வெகு நேரம் பார்த்து, அழகு என்றார். நோலீன் வெட்கப்பட முயன்றாள். சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் இவோ வேலிக்கு வந்தார்.

"பத்து வருஷமா குனியாதவன் நேத்து குனிஞ்சு கேரட் பிடுங்கினேன். இன்னும் ஒரு டஜன் குடு."

"இவோ, அதுல கஞ்சா இல்ல. அடுத்தவங்களுக்குக் குடுத்தா என்மேல கேஸு. மாவு, இஞ்சி, மாட்டுக்குப் போடற பாகு. அவ்வளவுதான்."

இவோ வேலியைப் பிடித்துக்கொண்டார். "மாட்டுக்கா?"

"மாட்டுக்குத்தான்."

"அப்ப என் முதுகு?"

"அத உன் முதுகுகிட்ட கேளு."

"மெரில்கிட்ட சொல்லிட்டியா?"

"போன் பண்ணிச் சொன்னேன். 'புரியுது, புரியுது, நான் வாயே திறக்க மாட்டேன்'னு வச்சிட்டா."

இவோ தாடையைச் சொறிந்தார். "சரி. நீ என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. ஒரு டஜன்."

நோலீன் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மெரிலுக்கும் சேர்த்து இரண்டு டஜன் சுட்டாள்.