இடது கைக் கற்பூரம்

நேற்று மருந்துக் கடைக்காரர் போனை வலது கையில் பிடித்துக்கொண்டு, மாத்திரையை இடது கையால் நீட்டினார். என் கை தானாகப் பின்வாங்கியது. சீ! இவ்வளவு படித்தும் இது போகவில்லையே என்று என்மீதே அருவருப்பாக இருந்தது. இதை எங்கே கற்றேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ராணுவக் குடியிருப்புப் பகுதியான திருமுல்கேரியில் எங்கள் காலனி முனையில் ஹவில்தார் அங்கிளின் மளிகைக் கடை இருந்தது. வேலூர்க்காரர். எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் அவருடைய வலது கை முழங்கையோடு போய்விட்டது. மண்ணெண்ணெயும் வெல்லமும் சேர்ந்து நெடியடிக்கும் அந்தக் கடையில், பொட்டலத்து நூலைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கற்பூரம் வாங்க அனுப்பினாள். "பூஜைக்கு வேணும்டி. அந்த ஆளு இடது கையால குடுத்தா வாங்காதே. மேஜை மேல வைக்கச் சொல்லு."

கடை நிறைய ஆட்கள். நான் கத்தினேன்: "நக்கோ அங்கிள், லெஃப்ட் ஹேண்ட் வேண்டாம்! அம்மா திட்டுவாங்க!"

"இன்னொரு கையை பார்டர்லயே விட்டுட்டு வந்துட்டேனே பாப்பா. போய் எடுத்துட்டு வரட்டா?" என்றார் அங்கிள். கடையே சிரித்தது. அவர் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் மேஜைமீது ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் யார் கையிலும் கொடுக்கவில்லை. தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு, நாங்கள் எடுக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தட்டைப் பார்த்துவிட்டு வந்த அப்பா திருப்தியாகச் சொன்னார்: "மிலிட்டரிக்காரன் இல்லையா? ஒரு தடவை சொன்னதும் புரிஞ்சுக்கிட்டான்."

சொன்னது நான்தான் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.