சிவப்பு அம்பு ஒட்டிய அறிக்கை

பிப்ரவரி 21, வெள்ளி. எங்கள் கல்லூரியில், மரபணுக்களைக் கணினியில் ஆராயும் உயிர்த் தகவலியல் மாநாடு. அலுவலக எழுத்தரான நான் வழக்கம்போல் எட்டு மணிக்கே வந்து பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்கினேன்.

வாசல் பேனரில் 'மரபணு' என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்ப்பவர் ஒருவர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. கையில், நடை தளர்ந்துவரும் மகளின் மரபணு அறிக்கை. குறையுள்ள துணியில் ஒட்டி, பழுதைச் சரிசெய்யும் ஆல்ட்டருக்கு அனுப்புவார்களே, அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைப் பழுதான மரபணுவின் வரியில் ஒட்டியிருந்தார்.

"இதைச் சரிபண்ணலாங்களா சார்?"

பேராசிரியர்களிடம் விசாரித்துவந்து சொன்னேன்: "இங்க கம்ப்யூட்டர்ல குறையைக் கண்டுபிடிக்கத்தானுங்க முடியும்."

"அட, நீங்களும் செக்கிங்தானுங்களா!" என்று சிரித்தார். "ஆல்ட்டருக்கு ஆளு வந்தா கூப்பிடுங்க" என்று தன் எண்ணை எழுதிக்கொடுத்து, என் எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மகள் எப்படியிருக்கிறாள் என்று விசாரிக்கத்தான் அவரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆளு வந்துட்டாங்களா சார்?"