கடைசிப் பக்கம் மட்டும் வாசித்தவர்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியப் பத்திரிகை ஒன்றின் வரலாற்றை ஆராய்கிறேன் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அதனால், ரொறொன்ரோ நூலகத்தில் அதே பத்திரிகையின் பழைய இதழ்கள் இருந்த மைக்ரோஃபில்ம் படச்சுருளை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

செக்யூரிட்டி சீருடையில் இருந்தார். ஒவ்வொரு இதழிலும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், ஒரு மூலையை மட்டும் வாசித்துத் தலையாட்டுவார்.

“அண்ணை, அதில என்ன பாக்கிறியள்?”

“வந்த கவிதையளுக்கு ஆசிரியர் சொல்லுற பதில், தங்கச்சி. செத்துப்போன குருவிக்கு ஒரு பொம்பிளை இருபது பாட்டு எழுதி அனுப்பியிருக்கிறா. குருவியே இவ்வளவு பாடியிராது எண்டு போட்டிருக்கிறார்.”

“அதை நான் ஆராய்ச்சியில சேர்க்கேல்லை. சும்மா இடம் நிரப்புறது.”

“இடம் நிரப்புறதோ? வேண்டாமெண்டு சொல்லுறதுக்கும் மனுசன் வாசிச்சிருக்கவேணுமே. நானும் இஞ்ச ஸ்காபரோவில வாற ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்குப் பத்துக்கு மேல கவிதை அனுப்பிட்டன். குப்பையெண்டு சொல்லவும் ஒருத்தருமில்லை.”

எந்தச் சஞ்சிகை என்று கேட்டேன். சொன்னார். அதன் கவிதைப் பக்கத்துக்குப் பொறுப்பு நான்தான். அதையும் எல்லோரிடமும் சொல்லித் திரிபவள், அவரிடம் மட்டும் சொல்லவில்லை. பெயர் கேட்கவும் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சஞ்சிகையின் மின்னஞ்சலைத் திறந்தேன். பத்துக்கு மேல் கவிதை அனுப்பி, ஒரு பதிலும் பெறாதவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாவற்றையும் வாசித்து, ஏழு பேருக்கும் உண்மையான பதில் எழுதினேன். ஐந்து பேருக்கு வேண்டாம் என்று எழுதவேண்டியிருந்தது. அவர் அந்த ஐவரில் ஒருவரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.